பொருள்: கோஅசர்வேட் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்புக்கு உயிர்த்தோற்றச் செய்முறைக் குறிப்பு ஒன்று தயாராகிறது. மில்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1953இல் வெளியிட்ட சோதனையைப்போல் மீத்தேன், ஹைட்ரஜன், மின்பொறி மூன்றையும் ஒரே குடுவையில் அடைப்பது பள்ளிக்கு ஆகாது. காற்று கசிந்து உள்ளே போனால் வெடிக்கும். அதனால் உயிரின் தோற்றத்தை விளக்க ஓப்பரின் என்ற ரஷ்ய அறிவியலாளர் பேசிய கோஅசர்வேட் துளிகளைக் (நீரில் கரைந்த பெரிய மூலக்கூறுகள் ஒன்றுதிரண்டு பிரியும் திரவத் துளிகள்) காட்டப்போகிறோம். 'திரள்துளி' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

---

> 'திரள்துளி'

இலத்தீன் வேர்ச்சொல்லுக்குக் குவியல் என்றுதான் பொருள். 'குவிதுளி' நெருக்கமாக இருக்கிறதே?

---

'குவி' வேண்டாம் ஐயா. குவிவில்லை, குவியம் என்று அது ஒளியியலுக்குப் போய்விட்டது. எனக்கு இடறுவது 'துளி'தான். சோதனைக் குழாயைச் சில மணிநேரம் அசைக்காமல் வைத்தால் துளிகள் ஒன்றோடொன்று கலந்து அடியில் கெட்டியான திரவ அடுக்காகப் படியும். அதுவும் கோஅசர்வேட்தான், அங்கே துளி ஏது? வீழ்படிவிலிருந்து (கரைசலில் பிரிந்து படியும் திடப்பொருள்) இதைப் பிரித்துக் காட்டுவது திரவமாகவே இருப்பதுதான். 'நீர்மத்திரள்' என்பேன். நிகழ்வு 'நீர்மத்திரள்வு', துளி 'நீர்மத்திரள் துளி'.

குறிப்பில் அளவுகளையும் சரிபாருங்கள். 1% ஜெலட்டின் கரைசல் 5 மி.லி., 1% அரபிக் கோந்துக் கரைசல் 3 மி.லி., இரண்டும் 40 டிகிரி செல்சியஸில். ஆறினால் ஜெலட்டின் உறையத் தொடங்கும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கவேண்டும். பிஎச் 4 அருகே ஜெலட்டின் நேர்மின்னும் கோந்து எதிர்மின்னும் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று இழுக்கும், கரைசல் பால்போல் கலங்கும். அங்கேயே நிறுத்துங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: இன்னும் வெண்மையாகட்டும் என்று அமிலத்தைக் கூட்டினால் கோந்து மின்சுமையை இழந்து கலங்கல் தெளிந்துவிடும். அமிலத்தை ஆசிரியரே முன்கூட்டி நீர்க்கவேண்டும். தண்ணீரில் அமிலம், மாற்றி ஊற்றக்கூடாது. கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும். நுண்ணோக்கியில் 100 மடங்கு, பிறகு 400.

---

> 'நீர்மத்திரள்'

ஏற்கிறேன். பாடநூல் 'திரவம்' என்கிறது, ஆனால் 'திரவத்திரள்' வாயில் நுழையவில்லை. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'கோஅசர்வேட்' போடுகிறேன். துளிக்குச் சவ்வு கிடையாது என்பதையும் சேர்க்கிறேன். பிள்ளைகள் பார்த்தவுடன் செல் என்றே எழுதிவிடுவார்கள்.

---

இன்னொரு வரிக்கு இடமிருந்தால்: கலங்கிய குழாயில் கொஞ்சம் சமையல் உப்பைப் போட்டுக் கரைக்கச் சொல்லுங்கள். உப்பின் அயனிகள் மின்சுமைகளை மறைப்பதால் துளிகள் கலைந்துபோகும். திரள வைத்தது மின்கவர்ச்சிதான் என்று அப்போது கேள்வி கேட்காமலே புரியும்.