கல்லாறு–குன்னூர் ரயில் பாதை: கான்கிரீட் வாய்க்கால் கட்டினால் மண்சரிவு நின்றுவிடுமா?

காட்டேரிக்காரன்:
"கல்லாறு முதல் குன்னூர் வரை இருபுறமும் கான்கிரீட் வாய்க்கால் கட்டிவிட்டால் மழைக்கு நீலகிரி மலை ரயில் நிற்காது" என்று நேற்று இன்னொரு இழையில் ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அது ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறுகிற பாதை. அந்தச் சரிவில் வழவழப்பான வாய்க்காலில் தண்ணீரை விட்டால் வேகம் பிடித்து, வாய்க்கால் முடிகிற இடத்தில் மலையையே தோண்டிவிடும். தண்ணீரைப் பாதைக்கு மேலேயே மறித்து, படிப்படியாக இறக்கி ஓடையில் சேர்க்கணும். அப்புறம் தடுப்புச் சுவர். ஹில்குரோவ் ஸ்டேஷன் தாண்டி ஒரு சுவரில் வீப் ஹோல், அதாவது பின்னால் தேங்கும் தண்ணீர் வடிவதற்காக விடுகிற துளை, அத்தனையும் மண் அடைத்துக் கிடக்கிறது. சுவருக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் எங்கே போகும்?

மேட்டுப்பாளையம் பாக்குமரம்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். வீப் ஹோல் அடைத்திருக்கிறதாம்! போன ஐப்பசியில் ரயிலில் அந்த வழியாகத்தான் போனேன். துளைகளில் தண்ணீர் வடிந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

காட்டேரிக்காரன்:
ஜன்னலோரம் உட்கார்ந்து ஆய்வு செய்தீர்களாக்கும். நீங்கள் பார்த்தது சுவரின் மேல் விளிம்பில் வழிந்த தண்ணீர். துளைக்குப் பின்னால் ஜல்லி அடுக்கு கொடுக்காமல் வெறும் மண்ணைக் கொட்டி நிரப்பினால் முதல் மழையிலேயே சேறு வந்து அடைக்கும். ஊறின மண்ணின் எடையும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து தள்ளும்போது எவ்வளவு தடிமனான சுவரும் வயிறு தள்ளும். என் அப்பா இந்தப் பாதையில் கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கிற தொழிலாளி. மழைக்காலத்தில் தண்டவாளங்களுக்கு நடுவில், இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறுகிற பல்சட்டத்தில் படிந்த சேற்றைக் கம்பியால் பல் பல்லாகக் குத்தி எடுப்பார்கள். அது சுத்தமாகாமல் இன்ஜின் ஓர் அடி ஏறாது. வாய்க்கால் கட்டச் சொல்பவர்களுக்கு அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று தெரியணும்.

புதுசா வந்தவன்:
ஒரு சந்தேகம். வடிகால் என்று நீங்கள் சொல்வது பக்க வாய்க்காலையா, பாதைக்கு அடியில் தண்ணீரைக் கடத்துகிற கல்வெர்ட்டையா, மேலே மறிக்கிற வாய்க்காலையா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

மேட்டுப்பாளையம் பாக்குமரம்:
அப்பா கேங்மேன் என்றால் பிள்ளை இன்ஜினியரா? துளையில் தண்ணீர் வந்தது. வந்தது, வந்தது. போன மாசம் டீசல் இன்ஜின் விவாதத்திலும் இவர் இப்படித்தான் அடம்பிடித்தார்.

கொளுந்துக்கூடை:
சுவரை விடுங்க அண்ணே. சரிவில் வெட்டிவேர் நடணும். வேர் 3 மீட்டருக்கு மேல் நேராகக் கீழே இறங்கும், மேல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

காட்டேரிக்காரன்:
நடுங்கள், நல்லதுதான். ஆனால் உள்ளே தண்ணீர் நிறைந்த சரிவில் வேர் மட்டும் என்ன செய்யும்? 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ரயில் பல மாதம் ஓடவில்லை. வடகிழக்குப் பருவமழை நேராக வந்து முட்டுவது இந்தக் கிழக்குச் சரிவில்தான். மேலே காட்டை அழித்துக் கட்டடம், சாலை, தோட்டம் என்று போட்டுவிட்டுத் தண்ணீரைக் கீழே தள்ளினால் ரயில் பாதைதான் வாங்கிக்கொள்ளும்.

கொளுந்துக்கூடை:
ஆரம்பிச்சாச்சா? எது நடந்தாலும் தேயிலைத் தோட்டம்தான் குற்றவாளி. தோட்டத்தில் நாங்கள் வெட்டுகிற குழி வாய்க்கால்தான் அந்த மண்ணையே தடுக்கிறது, தெரியுமா?

ஊட்டி மார்க்கெட்:
எப்பவும் குன்னூர்தானா? ஊட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரயில் பாலத்துக்கு அடியில் கொஞ்சம் பலமாகப் பெய்தாலே வண்டி மூழ்குகிறது. கோடப்பமந்து கால்வாய் முழுக்க மண்ணும் பாட்டிலும். அதுவும் ரயில்வே வடிகால் பிரச்சினைதானே?

மேட்டுப்பாளையம் பாக்குமரம்:
பார்த்தீர்களா, ஊட்டியிலும் வாய்க்கால்தான் பிரச்சினை. நான் சொன்னதுதான்.

காட்டேரிக்காரன்:
ஊட்டி கால்வாய் ஏறத்தாழ சமதளம், அங்கே தூர்வாரணும். இங்கே வேகத்தைக் குறைக்கணும். இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதுகிறவரிடம் என்னத்தைப் பேச? கல்வெர்ட் வாயில் கட்டையும் பாறையும் சிக்காமல் பார்க்கணும், மேல் வாய்க்காலை மழைக்கு முன்னால் சுத்தம் செய்யணும், சுவரின் துளைகளைக் குத்தித் திறக்கணும். 1899-ல் குன்னூருக்கு ரயில் விட்டவர்கள் பாதையில் இத்தனை பாலம் போட்டது ஓடை வழியை மறிக்கக் கூடாது என்றுதான்.

மேட்டுப்பாளையம் பாக்குமரம்:
துளை திறந்துதான் இருக்கிறது. போட்டோ எடுத்தேன்.

காட்டேரிக்காரன்:
போடுங்கள் அந்தப் போட்டோவை. எந்தச் சுவர், எந்த வளைவு என்று நானே சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் பாக்குமரம்:
பழைய போனில் இருக்கிறது. நீங்கள் கேட்டதும் தேடி எடுத்துக் கொடுக்க நான் உங்கள் வேலையாளா?