‘லீன்’ உற்பத்தி: மெலிவா, செட்டா, கச்சிதமா?

வணக்கம்.

தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் செய்து வீணைக் குறைக்கும், டொயோட்டா கார் நிறுவனத்தில் உருவான முறைதான் ‘லீன்’ (lean, மெலிந்த) உற்பத்தி. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ‘மெலிவு உற்பத்தி’, ‘செட்டு உற்பத்தி’ என்று இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ‘மெலிவு உற்பத்தி’க்கு என் ஓட்டு இல்லை. மெலிந்தது என்றாலே நம் காதில் நோஞ்சான் என்றுதான் விழும். பட்டறையில் போய்ச் சொன்னால், “யாரை வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

‘லீன்’ என்ற பெயருக்கே ஒரு முன்கதை உண்டு. டொயோட்டா முறையை ஆராய்ந்த ஜான் கிராஃப்சிக் முதலில் ‘ஃப்ரஜைல்’ (எளிதில் உடைவது) என்றுதான் எழுதினார். கையிருப்பை முட்டுக்கொடுத்து வைக்காததால் ஓரிடத்தில் தடங்கினால் வரிசை முழுக்க நிற்கும், அதனால் அந்தப் பெயர். கேட்க நன்றாக இல்லை என்று 1988 கட்டுரையில் ‘லீன்’ ஆக்கினார். அவரே மாற்றி வைத்த பெயரை நாம் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாக வேண்டுமா?

‘செட்டு உற்பத்தி’ அழகான யோசனை. செட்டாகக் குடும்பம் நடத்துவது எல்லோருக்கும் புரியும். ஆனால் பட்டறையில் ‘செட்டு’ என்றால் ஜோடி, தொகுதி. செட்டு செட்டாக அடித்துக் குவிப்பது என்று நேர் எதிராக எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘கச்சித உற்பத்தி’. புஷ்ஷுக்குள் தண்டு ஆடாமலும் இறுகாமலும் உட்கார்ந்தால் “கச்சிதம்” என்கிறோமே, அதேதான்: தேவைப்படும்போது, தேவையான அளவு. தனித்தமிழா என்று கேட்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

சிறிய பட்டறைக்கு இதன் சாரம் ஒரு கணக்கில் அடங்கும். 50 உருப்படி, மூன்று எந்திரம், ஒவ்வொன்றிலும் உருப்படிக்கு ஒரு நிமிடம். ஐம்பதையும் முடித்து மொத்தமாகத் தள்ளினால் முதல் உருப்படி 101ஆம் நிமிடத்தில் வெளிவரும், கடைசி 150இல். ஒவ்வொன்றாகக் கைமாற்றினால் முதலாவது 3இல், கடைசி 52இல். யாரும் வேகமாக வேலை செய்யவில்லை! முதல் எந்திரத்தில் துளை தள்ளிப்போனது மூன்றாவது ஆளுக்குத்தான் தெரியவருகிறது என்று வையுங்கள். முன்னதில் ஐம்பதும் பாழ். பின்னதில் இரண்டு மூன்றோடு போகும்.

அடுத்தது ‘முடா’ என்ற ஜப்பானியச் சொல். பயன் தராமல் வீணாகும் எதையும் இப்படிச் சொல்வார்கள். ‘கழிவு’ வேண்டாம் என்பேன். பட்டறையில் கழிவு என்றால் சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவல், இல்லையென்றால் விலையில் தள்ளுபடி. டொயோட்டா முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ சொன்ன ஏழு வகை முடாவில் காத்திருப்பதும், நடப்பதும், தேவைக்கு மேல் செய்து அடுக்குவதும் சேர்த்தி. அவை எதுவும் குப்பைத்தொட்டியில் விழாது. ஸ்பானர் தேடி அலமாரிக்கு நாலு நடை நடப்பவரிடம் ‘கழிவைக் குறையுங்கள்’ என்றால் அவர் சீவலைத்தான் பார்ப்பார். ‘விரயம்’ என்றால் நேரமும் உள்ளே வரும். ‘கான்பான்’ (எதை, எவ்வளவு செய்வது என்று முந்தைய ஆளுக்குச் சொல்லும் அட்டை) அப்படியே இருக்கட்டும், அதில் வம்பு இல்லை.

எனக்குத் தமிழில் பிடிபடாதது ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் ‘இன்டர்னல் செட்டப், எக்ஸ்டர்னல் செட்டப்’ என்ற இரட்டைச் சொல். எந்திரத்தில் டைஸ் (வார்ப்பு கொடுக்கும் அச்சு) மாற்றும்போது எந்திரத்தை நிறுத்தினால்தான் முடியும் வேலை ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவைக்கக்கூடியது இன்னொன்று. இரண்டையும் பிரித்துத்தான் மாற்றும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவரச் சொன்னார். பல வகை வேலை எடுக்கும் சிறு பட்டறைக்கு உயிர்நாடி இதுதான். மாற்ற ஒரு மணி நேரம் பிடித்தால் எவர் சின்னத் தொகுதியாக ஓட்டுவார்? ‘அக ஆயத்தம், புற ஆயத்தம்’ என்றால் ஏதோ தத்துவ வகுப்பு மாதிரி இருக்கிறது. ‘நிறுத்து வேலை, ஓட்ட வேலை’ என்று எழுதிப் பார்த்தேன். எந்திரத்தில் நிற்பவர்கள் யாராவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நாக்கில் ஒட்டுகிறதா என்று எழுதுங்கள்.