வீட்டில் ரவியோலி: மாவு வாய் திறந்துவிடுகிறது, கிரீம் சாஸ் திரிந்துவிடுகிறது

கேள்வி (பாளையங்கோட்டையிலிருந்து):

சென்ற மாதம் சென்னையில் ஓர் உணவகத்தில், கீரையும் சீஸும் உள்ளே வைத்து மூடிய ரவியோலி என்னும் பாஸ்தாவைக் கெட்டியான வெள்ளை கிரீம் சாஸோடு சாப்பிட்டோம். தன் பிறந்தநாளுக்கு அதையே வீட்டில் செய்து தர வேண்டும் என்று மகள் கேட்கிறாள். எங்கள் வீடு சைவம். முட்டை அடுக்களைக்குள் வருவதில்லை. ஆகவே மைதாவைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, பாலக் கீரையும் துருவிய பனீரும் வைத்து மூடி, கொதிக்கும் நீரில் போட்டேன். பாதிக்கு மேல் வாய் திறந்து, தண்ணீரெல்லாம் பச்சையாகிவிட்டது. இரண்டாம் முறை கனமாகத் தேய்த்ததால் பிரியவில்லை. ஆனால் வேகாத கொழுக்கட்டையைப் போல ஓரம் மாவாகவே இருந்தது. இரண்டு முறையும் பாக்கெட் கிரீமைக் கொதிக்கவைத்து சீஸ் துருவிப் போட்டவுடன், எண்ணெய் தனியாகவும் சீஸ் நூல் நூலாகவும் பிரிந்துவிட்டது. எங்கே தவறுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் (தென்காசியிலிருந்து):

சகோதரி, நான் ஒன்பது ஆண்டுகள் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவன். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் காரணம் வெவ்வேறு.

முதலில் மாவு. இத்தாலியின் வடபகுதியில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது வழக்கமான கணக்கு. தெற்கே கோதுமை ரவையையும் தண்ணீரையும் மட்டும் கொண்டு பிசைவார்கள். உங்களுக்கு ஏற்றது தெற்கத்தி முறை. 200 கிராம் மைதாவோடு 100 கிராம் மிக நைசான ரவை, ஒரு தேக்கரண்டி எண்ணெய், சிறிது உப்பு சேர்த்து, ஏறத்தாழ 150 மில்லி வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். நம் ஊர் பரோட்டா மாவு இளகி நீள வேண்டும். இந்த மாவோ கையை எதிர்த்து நிற்க வேண்டும். ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் விட்டால்தான், தேய்க்கும்போது சுருங்காமல் இருக்கும். பின்பு, அடியில் கையை வைத்தால் விரல்கள் நிழலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேயுங்கள். ஓரத்தில் இரண்டு அடுக்கு சேர்கிறது அல்லவா, அந்த இரண்டும் ஓர் அடுக்கின் கனத்துக்கு வரும்வரை விரலால் அழுத்த வேண்டும். இதைச் செய்யாததால்தான் நடுப்பகுதி வெந்தும் ஓரம் வேகாமல் நின்றது.

உள்ளே வைப்பது ஈரமாக இருந்தால் எவ்வளவு நன்றாக மூடினாலும் பிரியும். இந்தப் பாஸ்தாவுக்குள் பனீருக்குப் பதில் வைக்கும் ரிக்கோட்டா என்னும் மென்மையான சீஸ், உண்மையில் சீஸ் செய்து மீந்த தெளிநீரை மறுபடி காய்ச்சி எடுப்பது. அந்தப் பெயருக்கே ‘மீண்டும் சமைத்தது’ என்றுதான் பொருள். வீட்டில் அதற்கு ஈடாக, ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் கொதி வரும் நேரத்தில் இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை விட்டுத் திரியவைத்து, துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். பனீருக்குப் போல் பாரம் வைக்க வேண்டாம். கீரையை வதக்கி ஆறவைத்து, ஒரு சொட்டு நீரும் வராத அளவுக்குப் பிழிந்து, அதன் பிறகே நறுக்குங்கள். உப்பு, மிளகுத்தூளுடன் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் துருவிச் சேர்த்தால், உணவகத்தில் நீங்கள் உணர்ந்த அந்த மணம் வந்துவிடும்.

சாஸ் திரிந்ததற்குச் சூடுதான் காரணம். நம் கடைகளில் கிடைக்கும் பாக்கெட் கிரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 விழுக்காடு. உணவகங்களில் 35 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளதைப் பயன்படுத்துவார்கள், அது கொதியைத் தாங்கும். சீஸும் கொதிக்கும்போது போட்டால் அதன் புரதம் இறுகிக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும். ஆகவே 30 கிராம் வெண்ணெயில் தட்டிய பூண்டைச் சிவக்காமல் வதக்கி, 200 மில்லி கிரீமைச் சிறு தீயில் ஆவி பறக்கும் அளவுக்கு மட்டும் சுடவைத்து, பாஸ்தா வெந்த நீரை ஒரு கரண்டி அதில் ஊற்றி, அடுப்பை அணைத்த பிறகு சீஸைத் தூவிக் கலக்குங்கள். அந்த நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைக்கிறது. வெந்த ரவியோலியை நேராக அந்தச் சட்டியில் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைக் குலுக்கிப் புரட்ட வேண்டும்.

பதில் (அம்பாசமுத்திரத்திலிருந்து):

நான் பாஸ்தாவை அதிகம் செய்தவள் அல்ல, தாயி; ஆனால் தீபாவளிக்குச் சோமாசி செய்து பழகிய கை. பூரணத்தைச் சுற்றிலும் உள்ளிருந்து வெளியே அழுத்தி, காற்று முழுவதையும் தள்ளிவிட்டுத்தான் மூட வேண்டும். உள்ளே நிற்கும் காற்று சூட்டில் விரிந்து வாயைத் திறந்துவிடும். ஓரத்தில் தண்ணீரை விரல் நுனியால் தொட்டுத் தடவினால் போதும்; அதிகமானால் மாவு வழுக்கும். சோமாசிக் கரண்டியின் சக்கரத்தால் வெட்டினால் ஓரமும் அழகாக வரும். தண்ணீரும் தளதளவென்று கொதிக்க வேண்டாம்.

மறுமொழி (பாளையங்கோட்டையிலிருந்து):

அம்மா, ஐயா, இருவருக்கும் மிகுந்த நன்றி. பார்மசான் சீஸ்தான் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சைவமா? மேலும், முதல் நாளே செய்து வைக்கலாமா?

பதில் (தென்காசியிலிருந்து):

இத்தாலியில் செய்யும் அசல் பார்மசான் சைவமன்று. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டுதான் அந்தப் பாலை உறையவைக்கிறார்கள். பச்சைக் குறியிட்ட நம் ஊர்ப் பதப்படுத்திய சீஸ் 40 கிராம் போதும். அது உருகும்போது பிரியாமலிருக்கச் சில உப்புகளைச் சேர்த்தே செய்கிறார்கள் என்பதால், புதிதாகப் பழகுபவருக்கு அதுவே கைகொடுக்கும்.

முதல் நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கீரையின் ஈரம் மாவில் இறங்கி அடியில் ஒட்டிக்கொள்ளும். ரவை தூவிய தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்கி, உறைபெட்டியில் கல் போல ஆன பிறகு பையில் போட்டுவையுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே கொதிநீரில் இடுங்கள்; மேலே மிதந்து வந்த பிறகு இன்னும் இரண்டு நிமிடம் விட்டு, ஒன்றின் ஓரத்தைக் கடித்துப் பார்த்து இறக்குங்கள்.