சுமக்கிறேன், ஆனால் முணுமுணுக்கிறேன்: இது கிறிஸ்துவைப் பின்பற்றுவதாகுமா?

நாசரேத்து மருமகள்:

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியார் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. பேச்சும் நினைவும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கின்றன. உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் என் கையால்தான் நடக்கின்றன. கணவர் கப்பலில் வேலை செய்வதால் ஆண்டில் பாதிக்கு மேல் வீட்டில் இருப்பதில்லை. கொழுந்தனார் சென்னையில் வசதியாக இருக்கிறார். நாத்தனார் கோயம்புத்தூரில் இருக்கிறார்.

லெந்து என்னும் தவக்கால நாட்களில் ஒரு கூட்டத்தில், கிறிஸ்து பாடுபட்டு நமக்கு மாதிரியைப் பின்வைத்துப்போனார் என்கிற 1 பேதுரு 2:21ஐ வைத்து, "அவர் வாயைத் திறக்கவில்லை, நீங்களும் வாயைத் திறவாதிருங்கள், அதுவே அவருடைய அடிச்சுவடு" என்று செய்தி கொடுத்தார்கள். நானும் அப்படியே நடக்க முயன்றேன். எங்கள் ஊர்ப் பண்டிகைக்கு வந்த கொழுந்தனார் ஆலயக் கோபுரப் பணிக்குப் பெரிய தொகையைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, தாயின் கட்டிலருகே பத்து நிமிடம் ஜெபித்துவிட்டு, அன்றிரவு ரயிலிலேயே திரும்பிப் போனார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அதைத் தாழ்மை என்றே நினைத்தேன். ஆனால் அன்றிரவே அத்தை கஞ்சியைத் துப்பியபோது, அக்கம்பக்கத்தார் கேட்கும்படி அவர்களைத் திட்டிவிட்டேன்.

பெரிய வியாழக்கிழமை ஆராதனையில், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசித்தபோது என்னால் தலைநிமிர முடியவில்லை. நான் தினமும் ஒருவருடைய கால்களைக் கழுவுகிறேன். ஆனால் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே மனம் முணுமுணுக்கிறது. மனக்கசப்போடு செய்கிற இந்தப் பணிவிடை கிறிஸ்துவைப் பின்பற்றுவதாகக் கணக்கில் வருமா? எல்லாவற்றையும் மௌனமாகச் சுமப்பதுதான் அவருடைய வழியா? வேதத்தைப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

சிலேட்டுக்குச்சி:

அன்புள்ள சகோதரிக்கு, நான் ஓய்வுபெற்ற ஆரம்பப்பள்ளி ஆசிரியன்; வேதாகமக் கிரேக்கத்தை ஓய்வுக்குப் பிறகுதான் ஓரளவு கற்றுக்கொண்டேன். நீங்கள் குறிப்பிட்ட வசனத்தில் "மாதிரி" என்று வருகிற இடத்தில் மூலத்தில் இருப்பது "ஹுபோகிராம்மோஸ்" என்ற சொல். புதிய ஏற்பாட்டில் அந்த ஓர் இடத்தில்தான் அது வருகிறது. எழுத்துப் பழகும் பிள்ளைக்காக ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் மூல எழுத்து என்பது அதன் பொருள். நான் முப்பது ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். சிலேட்டில் பெரிதாக "அ" எழுதிக் கொடுப்பேன். பிள்ளை அதன் மேலேயே குச்சியை ஓட்டும். முதல் வாரத்தில் எந்தப் பிள்ளையின் கோடும் என் கோட்டின் மேல் நிற்காது. கோணல் எழுத்தைப் பார்த்து, "நீ எழுதவே இல்லை" என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் அதுதான்.

இரண்டாவது கேள்வியில் சற்று நின்று பார்க்க வேண்டும். இயேசு எல்லா இடத்திலும் மௌனமாக இருந்தார் என்பது சுவிசேஷங்களில் இல்லை. ஏரோது பல கேள்விகள் கேட்டபோது ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை (லூக்கா 23:9). ஆனால் பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தபோது, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). மறு கன்னத்தைத் திருப்பிக்காட்டச் சொன்னவரே இப்படிக் கேட்டிருக்கிறார். அவர் திருப்பி அடிக்கவுமில்லை, வையவுமில்லை; நடந்தது நியாயமா என்பதை அடித்தவனே எண்ணிப் பார்க்கும்படி கேட்டார். மறு கன்னம் என்பதற்கு அவரே எழுதிய உரை இது என்பேன்.

இதோடு அப்போஸ்தலர் 23ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். "நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல, நீங்கள் என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்" என்று கொரிந்து சபைக்கு எழுதிய அதே பவுல், ஆலோசனைச் சங்கத்தில் வாயில் அடிக்கும்படி கட்டளை பிறந்தவுடன், "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று சீறிவிட்டார். கட்டளையிட்டவர் பிரதான ஆசாரியர் என்று அருகில் நின்றவர்கள் சொன்னபின், தமக்குத் தெரியாது என்று சொல்லித் தணிந்தார். லூக்கா அதை மறைக்காமல் எழுதிவைத்தார். கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் நீங்கள் சீறியதும் இந்த வகைதான்.

ஒன்றைச் சொல்வேன், வருந்தாதீர்கள். பேச வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்துவிட்டு, பொறுக்க வேண்டிய இடத்தில் பேசியிருக்கிறீர்கள். கொழுந்தனாரிடம் கேட்காத கேள்விதான் அன்றிரவு அத்தையின் மேல் விழுந்தது.

குருசின்நிழல்:

ஆசிரியர் ஐயாவுடைய விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு அச்சமாக இருக்கிறது. அதே பகுதியில் அடுத்த இரண்டு வசனங்களை விட்டுவிட்டீர்கள். "அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புசெய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்" என்று பேதுரு எழுதுகிறார். கணக்குக் கேட்பதும் பங்கு பிரிப்பதும் உலகத்தார் வீடுகளில் நடக்கிற காரியம். ஒருவர் சிலுவை சுமக்கும்போது அருகில் நின்று, "ஏன் நீ மட்டும் சுமக்கிறாய்" என்று கேட்பது அன்பைப் போலத் தோன்றும். இயேசு பாடுபட வேண்டும் என்று சொன்னபோது பேதுருவும் அன்பினால்தான் அவரைத் தடுத்தார். "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்று அவருக்குக் கிடைத்த பதில் நம் அனைவருக்கும் தெரியும். சகோதரி, தொடர்ந்து சுமவுங்கள். உங்கள் பலன் பரலோகத்தில் இருக்கிறது.

சிலேட்டுக்குச்சி:

சகோதரர் சொல்வது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் நாம் இருவருமே விட்டுவிட்ட ஒரு வசனம் அதற்கும் முன்னால், பதினெட்டாவதாக இருக்கிறது. பேதுரு அந்தப் பகுதியை வீட்டு அடிமைகளுக்கு எழுதினார். முரட்டு எஜமானிடமிருந்து விலகவோ, அவனைக் கேள்வி கேட்கவோ வழியே இல்லாதவர்களுக்கு, "உங்கள் நிலையில் கிறிஸ்துவும் நின்றார்" என்ற ஆறுதல் அது. மூத்த மருமகளுக்கு அதை வாசித்துக் காட்டுகிற நாம், வசதியுள்ள இளைய மகனுக்கு எந்த வசனத்தை வாசித்துக் காட்டுகிறோம்?

அவருக்கான வசனமும் இருக்கிறது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரைக் கடிந்துகொண்டதைப் பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கடமையிலிருந்து விலகிக்கொள்வதை அவர் தேவகட்டளையை அவமாக்குவது என்றார். கோபுரம் உயரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. கட்டிலருகே பத்து நிமிடம் என்பதைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அதிகாரந்தான்.

சிலுவையை நீங்கள் முன்வைத்தபடியால் அங்கிருந்தே இன்னொன்றையும் சொல்கிறேன். யோவான் 19:26, 27இல் இயேசு தம் தாயை அன்பான சீஷனிடம் ஒப்படைக்கிறார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவர்களைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று இருக்கிறது. உலகத்தின் பாவத்தைச் சுமந்துகொண்டிருந்த வேளையிலும், தம் தாயை யார் பார்த்துக்கொள்வது என்று இன்னொருவரிடம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறார். அதை உலகத்தார் காரியம் என்று நாம் சொல்ல முடியாது.

இரவுப்பணி:

அக்கா, நான் கோட்டாறு மறைமாவட்டத்துக் கத்தோலிக்கப் பெண். செவிலியர் பணியில் பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் மருத்துவம் தொடர்பாக ஒன்று. பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்குக் கோபமும் அழுகையும் சிரிப்பும் அவர்கள் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. விழுங்குவதிலும் சிரமம் இருக்கலாம். கஞ்சியைத் துப்புவது பிடிவாதமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இருமலோடு துப்பினால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சியும் ஆதரவுச் சிகிச்சையும் தருவதற்கு இடமுண்டு; உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2022 மே 15ஆம் நாள் ரோமையில் எங்கள் பகுதியின் மறைசாட்சி தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அதே திருப்பலியில் சார்லஸ் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் புனிதராக அறிவிக்கப்பட்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் தேவசகாயத்தைக் கொண்டாடினோம். இவரைப் பலர் கவனிக்கவில்லை. ராணுவ அதிகாரியாக இருந்த இவர், இயேசுவின் போதனைப் பணியைவிட, அவர் நாசரேத்தில் யாருக்கும் தெரியாமல் உழைத்து வாழ்ந்த ஆண்டுகளையே பின்பற்ற விரும்பினார். 1897இல் உண்மையான நாசரேத்துக்கே போய், ஒரு கன்னியர் மடத்தில் வேலைக்காரராக, தோட்டத்துக் கொட்டகையில் தங்கியிருந்தார். இயேசு ஏறத்தாழ முப்பது வயதில்தான் வெளிப்படையாகப் பணியைத் தொடங்கினார் என்கிறார் லூக்கா. அப்படியானால் கிறிஸ்துவைப் பின்பற்றுவது என்றவுடன் நாம் கல்வாரியை மட்டும் நினைப்பது பாதிக் கணக்குத்தான். அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு சிறிய ஊரில், வீட்டு வேலைக்கும் தச்சு வேலைக்கும் நடுவில்தான் கழிந்தது. அந்த ஊரின் பெயரே உங்கள் ஊருக்கு வாய்த்திருக்கிறது.

ஃபூக்கோவின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். சகாராப் பாலைவனத்தில் துவாரெக் மக்களுக்கு உதவுவதற்காகப் போனவர், 1908 தொடக்கத்தில் தமக்கு உணவு இல்லாமல் நோயுற்றுக் கிடந்தார். பஞ்ச காலமாக இருந்தும் அந்த மக்கள் தேடித் திரட்டிய ஆட்டுப்பாலைக் கொடுத்து அவரைப் பிழைக்கவைத்தார்கள். கொடுக்க மட்டுமே தெரிந்தவர் அன்று வாங்கக் கற்றுக்கொண்டார். இயேசுவும் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார், அதிகாலையில் எழுந்து கூட்டத்தை விட்டுத் தனியிடத்துக்குப் போனார். நீங்கள் கடைசியாக ஓர் இரவு முழுவதும் தூங்கியது எப்போது? மனக்கசப்பு என்று நீங்கள் எழுதியதில் பாதியாவது வெறும் உறக்கமின்மை என்பது என் அனுபவம்.

தரங்கை:

தரங்கம்பாடி லுத்தரன் சபையில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு குறையை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். மேலே எழுதியவர்கள் அனைவரும் கிறிஸ்துவை மாதிரியாகவே காட்டியிருக்கிறீர்கள். மார்ட்டின் லூத்தர் ஓர் ஒழுங்கைக் கற்பித்தார்: கிறிஸ்துவை மாதிரியாகக் கொள்வதற்கு முன், அவரைத் தேவன் உனக்குத் தந்த ஈவாகப் பெற்றுக்கொள்ள வேண்டும், அந்த வரிசை மாறினால் கிறிஸ்து கட்டளை மட்டும் தருகிற இன்னொரு மோசேயாகிவிடுவார். நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. "இயேசுவாக இருந்தால் என்ன செய்திருப்பார்" என்ற கேள்வி ஒரு பிரம்பாக மாறி, களைத்தவர்களின் முதுகில்தான் விழுகிறது.

சகோதரி தலைநிமிர முடியவில்லை என்று எழுதிய அதே அதிகாரத்தில் இந்த வரிசை இருக்கிறது. "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்பது பதினான்காம் வசனம். அதற்கு முன் எட்டாம் வசனத்தில், "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்று பேதுருவிடம் சொல்கிறார். அந்த இரவில் சீஷர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்தது காலை நீட்டுவது மட்டுமே. பேதுருவுக்கு அதுதான் கடினமாக இருந்தது. உங்கள் முணுமுணுப்போடும் அன்றிரவின் சத்தத்தோடும் அவரிடம் காலை நீட்டுங்கள். மறுநாள் காலை அத்தையின் கால்களைக் கழுவும்போது, கழுவப்பட்டவராகக் கழுவுவீர்கள். கணக்கில் வருமா என்று கேட்டீர்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதுவதில்லை.

குருசின்நிழல்:

கொர்பான் பற்றிய வசனத்தை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சகோதரி கொழுந்தனாரிடம் பேசுவதற்கு முன், அந்தப் பேச்சு அவரைத் திருத்துவதற்கா, தோற்கடிப்பதற்கா என்று தம்மை ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். மத்தேயு 18:15இல் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்றுதான் இருக்கிறது. உறவினர் கூட்டத்தில் என்று இல்லை.

நாசரேத்து மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது உண்மை என்று தெரிந்தது. கணவரிடம் கப்பலுக்குப் பேசி, அவருடைய சம்மதத்தோடு கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் தனித்தனியாக எழுதினேன். குறை எதையும் எழுதவில்லை. அத்தைக்கு ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மணி வாரியாக எழுதி, இதில் நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். நாத்தனார் மே மாதத்தில் மூன்று வாரம் வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் வாசித்துவிட்டார் என்பதற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. சுகாதார நிலையத்தில் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

சத்தம் போட்டதற்காக அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்றைய கஞ்சியில் உப்பு இல்லை என்றார்கள். சோதித்துப் பார்த்தேன், உண்மையிலேயே உப்பு போடவில்லை.