புதிய தோல் சைக்கிள் இருக்கை 300 கிலோமீட்டருக்குப் பிறகும் தளரவில்லை. எண்ணெயில் ஊற வைக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் நெடும்பயண சைக்கிளுக்காக நான்கு மாதங்களுக்கு முன்பு தோல் இருக்கை ஒன்றை வாங்கினேன். பஞ்சோ ஜெல்லோ இல்லாமல், பின்புறத்து உலோக வளைவுக்கும் முன்புறத்து மூக்குக்கும் இடையே ஒற்றைத் தோலை இழுத்து ரிவெட்டு அடித்திருக்கும் பழைய முறை இருக்கை அது. முதலில் வலித்தாலும் போகப்போக உடலுக்கு ஏற்பப் பழகிவிடும் என்று படித்திருந்ததால் பொறுமையாகவே ஓட்டி வருகிறேன். இதுவரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆகியிருக்கும். விரலால் தட்டினால் இன்னும் பலகையைத் தட்டும் ஓசைதான் கேட்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்தால் வலி தொடங்கிவிடுகிறது.

இதற்கிடையில் ஒரு தவறும் செய்துவிட்டேன். மூன்று வாரங்களுக்கு முன்பு பலத்த மழையில் மாட்டிக்கொண்டேன். என் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லை. நனைந்த இருக்கையிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டி வந்து, மேற்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு, சைக்கிளை மூடிய அறையில் நிறுத்திவிட்டேன். இப்போது வலப்பக்கத்தில் இடப்பக்கத்தை விடச் சற்று ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. அடிப்புறத்தில் வெள்ளையாக ஏதோ படிந்தும் இருக்கிறது.

உடன் ஓட்டும் நண்பர்களில் ஒருவர், இருக்கையைக் கழற்றி ஓர் இரவு முழுவதும் எண்ணெயில் ஊற வைத்தால் மெத்தென்று ஆகிவிடும் என்கிறார். இன்னொருவர், பள்ளம் விழுந்துவிட்டதால் மூக்கின் அடியில் உள்ள போல்ட்டை நன்றாக முறுக்கச் சொல்கிறார். இரண்டில் எதைச் செய்யவும் எனக்குக் கை வரவில்லை. இன்னும் பத்து நாட்களில் 90 கிலோமீட்டர் பயணம் ஒன்றும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

வணக்கம் நண்பரே. இரண்டில் ஒன்றையும் செய்வதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். அதனால் உங்கள் இருக்கை பிழைத்தது.

எண்ணெய் ஏன் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள, இந்த இருக்கை எப்படி உடலைத் தாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இது மெத்தை அன்று. இரு முனைகளில் கட்டிய ஏணையைப் போன்றது. நாம் அமரும்போது உடலின் எடை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளின் வழியாகத்தான் இறங்குகிறது. அந்த இரண்டு இடங்களில் மட்டும் தோல் மெல்ல மெல்லக் குழிந்து கொடுக்க வேண்டும். நடுப்பகுதியும் பக்கவாட்டில் இறங்கும் மடல்களும் விறைப்பாகவே நிற்க வேண்டும். ஓட்டி ஓட்டிப் பழக்கும்போது அப்படித்தான் நடக்கிறது. எண்ணெயோ இடம் பார்த்து இறங்குவதில்லை. தோல் முழுவதும் ஊறித் துவண்டுவிடும், நடுப்பகுதி தொங்கும், மடல்கள் வெளியே விரிந்து தொடையில் உராயும், உடல் கீழே அமிழ்ந்ததும் பின்புறத்து உலோக வளைவின் விளிம்பு எலும்பில் முட்டும். என் முதல் இருக்கையை நான் இப்படித்தான் இழந்தேன். முதல் வாரம் சுகமாக இருந்தது. ஒரே பருவத்தில் அது உட்காரவே முடியாத பையாகத் தொங்கிப்போனது. ஊறிய எண்ணெயைத் தோலிலிருந்து திரும்ப எடுக்க வழியே இல்லை.

எண்ணெய்க்குப் பதிலாக, கொழுப்பும் மெழுகும் கலந்து கெட்டியாக இருக்கும் இருக்கைக் களிம்பைப் பயன்படுத்துங்கள். ப்ரூக்ஸ் நிறுவனத்தார் தங்கள் இருக்கைகளுக்கென விற்கும் ப்ரூஃபைடு இந்த வகையைச் சேர்ந்தது; விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் அதில் உண்டு. புதிய இருக்கையின் அடிப்புறத்தில் ஒரே ஒரு முறை தாராளமாகப் பூசலாம். மேற்புறத்துக்கு விரல்நுனி அளவு போதும். துணியால் மெல்லியதாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் எஞ்சியதைத் துடைத்து மெருகேற்றுங்கள். அதன்பின் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை மேற்புறத்துக்கு மட்டும் பூசினால் போதும். தோல் விரைவாக இளக வேண்டும் என்ற ஆசையில் வாரந்தோறும் பூசுவது, எண்ணெயில் ஊற வைப்பதைத் தவணை முறையில் செய்வதற்குச் சமம்.

அடுத்து அந்த போல்ட்டு. பல ஆண்டுகள் ஓட்டியபின் தோல் ஒட்டுமொத்தமாக நீண்டு தளரும்போது, மூக்கை முன்னால் தள்ளி அந்தத் தளர்ச்சியை எடுப்பதற்காகவே அது இருக்கிறது. ஒரு பக்கத்தில் விழுந்த பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது. நீங்கள் முறுக்கினால் நீளவாக்கில் நடுக்கோடு மட்டும் விறைத்து மேலெழும், வலி கூடும், இன்னும் முறுக்கினால் மூக்கின் ரிவெட்டுத் துளைகளில் தோல் கிழியத் தொடங்கும். இப்போதைய என் இருக்கை எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இதுவரை மூன்று முறைதான் முறுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கால் சுற்றுக்கு மேல் போனதில்லை. முதல் ஆண்டில் அந்த ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

300 கிலோமீட்டரில் தளரவில்லை என்று நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஆவது இயல்பு. தடித்த தோலுக்கு இன்னும் கூடலாம். தொலைவை விட அதை எப்படிப் பிரித்து ஓட்டுகிறீர்கள் என்பதே முக்கியம். உடற்சூடும் இலேசான வியர்வை ஈரமும் தோலை அந்தந்த இடத்தில் இளக்குகின்றன. பிறகு ஓய்வில் அது அப்படியே படிகிறது. ஆகவே விடுமுறை நாளில் ஒரேயடியாக 100 கிலோமீட்டர் ஓட்டி வலியில் நெளிவதைக் காட்டிலும், நாள்தோறும் 15, 20 கிலோமீட்டர் ஓட்டுவது தோலுக்கும் உங்களுக்கும் நல்லது. ஜான் பவுல்ட்பீ ப்ரூக்ஸ் தம் முதல் சைக்கிள் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றது 1882இல். அன்றிலிருந்து எத்தனையோ பொருள்கள் வந்துவிட்டன. இந்தத் தொங்கும் தோலுக்கு மட்டும் அமர்ந்து பழக்குவதைத் தவிர வேறு குறுக்குவழி வரவில்லை.

இரண்டாம் மறுமொழி

நான் பைகளும் இடைவார்களும் தைப்பவன். மழையைப் பற்றியும் வெள்ளைப் படிவைப் பற்றியும் தோல் வேலை செய்பவனாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

இத்தகைய இருக்கைகளுக்குத் தாவரச் சாறு கொண்டு பதனிட்ட தடித்த தோலையே பயன்படுத்துகிறார்கள். காரணம், அந்தத் தோலுக்கு ஈரத்தில் வடிவம் ஏற்கும் குணம் உண்டு. தொழிற்சாலையில் தோலை நீரில் நனைத்து, அச்சின் மேல் அழுத்தி, அப்படியே உலர வைத்துத்தான் இருக்கையின் வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். அதே குணம் மழையில் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது: நனைந்ததும் தோல் மீண்டும் களிமண்ணைப் போலாகிறது, அதன்மேல் இரண்டு மணி நேரம் அமர்ந்தபோது உங்கள் உடலே அச்சாகிவிட்டது.

மேற்புறம் மெருகும் மெழுகும் ஏறியது, மழையை ஓரளவு தாங்கும். அடிப்புறம் அப்படியன்று; தோலின் சதைப்பக்கம் அங்கே திறந்தே கிடக்கிறது. பின்சக்கரம் வாரி இறைக்கும் நீரை அது கடற்பஞ்சு போல உறிஞ்சும். இருக்கைக்கு உறை போட்டுவிட்டு மட்கார்டு இல்லாமல் ஓட்டுபவர்கள், நனையக் கூடாத பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றப் பக்கத்தை மூடுகிறார்கள். முதலில் மட்கார்டு போடுங்கள். உறையை நிறுத்திவைக்கும்போது பயன்படுத்தலாம். மழை விட்டதும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே புழுங்கும்.

நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர விடுங்கள். இரண்டு நாட்கள் ஆனாலும் ஆகட்டும். வெயிலிலும் அடுப்பருகிலும் வைக்கக் கூடாது. நனைந்த தோலுக்கு வெப்பத்தைத் தாங்கும் சக்தி குறைவு. சுருங்கி விறைத்துவிட்டால் அதன் இழைகள் பழைய நிலைக்குத் திரும்பா. முழுவதும் உலர்ந்தபின் மெல்லியதாக ஒரு பூச்சுக் களிம்பு கொடுங்கள்.

வெள்ளைப் படிவு இரண்டில் ஒன்றாக இருக்கலாம். களிம்பில் உள்ள கொழுப்பு குளிர்ச்சியில் வெளியே பூத்து வெள்ளையாகத் தெரியும். அதனால் கேடு இல்லை. மற்றொன்று பூஞ்சை. முடி உலர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சில விநாடிகள் மட்டும் இளஞ்சூடு காட்டுங்கள். கொழுப்பானால் உருகி மறைந்துவிடும். பூஞ்சை மறையாது; பஞ்சு போன்ற புள்ளிகளும் புழுங்கிய வாடையும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பூஞ்சைதான் என்றால் வீட்டுக்கு வெளியே வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். பிறகு வினிகரும் நீரும் சம அளவில் கலந்து, அதில் துணியை நனைத்து இறுகப் பிழிந்து துடைத்துவிட்டு, மறுபடியும் நிழலில் உலர்த்துங்கள். துணி துவைக்கும் சோப்பு வேண்டவே வேண்டாம். தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, காரம் அதைக் கெடுக்கும். இரும்புக் கம்பி நார் கொண்டும் தேய்க்காதீர்கள். பதனிடும்போது ஏறிய டானின், ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். அந்தக் கறை எளிதில் போகாது.

மூன்றாம் மறுமொழி

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் வலப்பக்கத்துப் பள்ளத்துக்கு மழை மட்டுமே காரணம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மழை தோலை இளக்கியது; வலப்பக்கம் கூடுதலாக அழுத்தியது நீங்கள்தான். இருக்கை அதிக உயரத்தில் இருந்தால் பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு அந்தப் பக்கம் சாயும். பலருக்கு இந்தச் சாய்வு இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. பின்னால் வரும் நண்பரிடம் உங்கள் இடுப்பு ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆடினால், ஆட்டம் நிற்கும் வரை சீட்டுக் கம்பியைச் சில மில்லிமீட்டர்களாக இறக்கிக்கொண்டே வாருங்கள்.

சாய்வையும் பாருங்கள். மற்ற இருக்கைகளைத் தரைக்கு இணையாக வைப்பது வழக்கம். தோல் இருக்கையில் நடுப்பகுதி எடைக்கு அமிழ்வதால் மூக்கு ஒரு சிறிது மேல்நோக்கி இருக்க வேண்டியிருக்கும். மூக்கு தாழ்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே போகும், அதைத் தடுக்கக் கைகள் ஹேண்டில்பாரை ஊன்றித் தள்ளும், உள்ளங்கை மரத்துப்போகும். பழி மட்டும் தோலின் மேல் விழும்.

கடைசியாக அகலம். நெளிவரி அட்டையைக் கெட்டியான நாற்காலியில் போட்டு, முழங்காலைச் சற்று உயர்த்தி அழுத்தி அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து இருக்கையின் மேல் வைத்துப் பாருங்கள். அந்தப் புள்ளிகள் தோலின் மேல் விழாமல் பின்புறத்து உலோக விளிம்பின் மேல் விழுமானால், 5,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் அந்த இருக்கை உங்களுக்குப் பழகாது. அப்போது அதை விட்டுவிட்டு அகலமான ஒன்றை வாங்குவதுதான் சரி.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ரிவெட்டுகளை ஒட்டியிருந்த வெள்ளை, சூட்டில் மறைந்துவிட்டது. நடுவில் இருந்தது மறையவில்லை, வாடையும் இருந்தது. தூரிகையும் வினிகர்த் துணியும் கொண்டு துடைத்து நிழலில் வைத்திருக்கிறேன். இடுப்பு ஆடுவது உண்மைதான். 12 மில்லிமீட்டர் இறக்கியபிறகு நின்றது. அட்டையில் இரண்டு குழிகளுக்கும் இடையே 125 மில்லிமீட்டர் வந்தது. இரண்டு புள்ளிகளும் தோலின் மேல்தான் விழுகின்றன. இருக்கையின் குறுக்கே அளவுகோலை வைத்துப் பார்த்ததில் வலப்பள்ளம் இடப்பள்ளத்தை விட 4 மில்லிமீட்டர் ஆழம். இதை மீண்டும் நனைத்துச் சமன் செய்ய முடியுமா? 90 கிலோமீட்டர் பயணத்துக்கு இதையே போட்டுக்கொண்டு போகலாமா?

இரண்டாம் மறுமொழி அளித்தவர்

நனைக்காதீர்கள். அச்சு இல்லாமல் கையால் அழுத்திச் சமன் செய்யப் போனால் நல்ல பக்கமும் கெடும். நானே செய்யத் துணியமாட்டேன்.

முதல் மறுமொழி அளித்தவர்

4 மில்லிமீட்டர் பெரிய வேறுபாடு அன்று. உயரத்தைச் சரிசெய்துவிட்டதால் இனி இரு பக்கமும் ஒத்த எடை விழும். இடப்பக்கமும் தன் பங்குக்குக் குழிந்து வரும். முழுவதும் சமமாகாமல் போகலாம், ஆனால் அமரும்போது வேறுபாடு தெரியாத அளவுக்கு வந்துவிடும்.

90 கிலோமீட்டருக்குப் பழைய இருக்கையை மாட்டிக்கொண்டு போங்கள். பாதி பழகிய தோலில் ஐந்து, ஆறு மணி நேரம் அமர்ந்தால் வலி தாங்காமல் ஒருபக்கமாக ஒதுங்கி உட்காருவீர்கள். இப்போது சரிசெய்தது வீணாகும். கழற்றுவதற்கு முன் சீட்டுக் கம்பியில் உயரத்தையும், இருக்கையின் அடிக்கம்பிகளில் முன்பின் நிலையையும் ஒட்டுநாடாவால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் நாள்தோறும் சிறுசிறு தொலைவாக மறுபடி தொடங்குங்கள்.

மழையில் மடல்கள் வெளியே விரிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். விரிந்திருந்தால் இரு மடல்களின் கீழ்விளிம்பிலும் சில துளைகள் இட்டு, அடிப்புறமாகக் குறுக்கும் நெடுக்குமாக நாடா கோத்து இழுத்துக் கட்டலாம். தோலின் நீளவாக்கு இழுவிசையைத் தொடாமலே இருக்கை தன் வடிவத்துக்கு வரும். போல்ட்டை முறுக்குவதை விட இது எத்தனையோ மேல். துளைகளை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி இடுங்கள். விளிம்பை ஒட்டி இட்டால் நாடா இழுக்கும்போது தோல் அறுந்துவிடும்.

கேட்டவர்

மடல்கள் விரியவில்லை. பழைய இருக்கையை மாட்டிவிட்டேன், மட்கார்டும் வாங்கிவிட்டேன். பயணம் முடிந்தபின் தோல் இருக்கையில் அடுத்த 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே அளவுகோலால் இரு பள்ளங்களையும் அளந்து இங்கே எழுதுகிறேன்.