ஏழு மஞ்சள் தாள்: ஃப்ரீ த்ரோ பயிற்சிக்கு நேரம் வேண்டும் என்று கோச்சிடம் எப்படிச் சொல்வது?

சிவப்புப்பேனா (பினாங்கு):

வணக்கம். பினாங்குத் தீவில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஸ்கோர் ஷீட் எழுதுவது நான்தான். சீனப் பள்ளியில் படித்ததால் மண்டரின் நன்றாகப் பேசுவேன். அணியில் பத்துப் பேர் சீனர்கள், ஒருவர் மலாய்க்காரர், ஒருவன் நம் பையன். மேசையில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். இப்போது அவர்கள் தோற்றால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இந்த சீசனில் 11 ஆட்டம். 4 வெற்றி, 7 தோல்வி. எங்கள் போட்டியில் ஆட்டம் முடிந்ததும் வென்ற அணிக்கு ரோஜா நிற நகலும் தோற்ற அணிக்கு மஞ்சள் நகலும் கிழித்துத் தருவார்கள். என் ஃபைலில் ஏழு மஞ்சள் தாள் இருக்கிறது. அதில் ஐந்து ஆட்டங்களில் வித்தியாசம் 4 புள்ளிக்கு மேல் இல்லை. கடைசி ஆட்டம் தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் பட்டர்வொர்த்தில், 58-56. திரும்பும்போது பாலம் முழுக்க வேனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசி 40 வினாடிக்குள் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (எதிரணி ஃபவுல், அதாவது விதிமீறல், செய்தால் யாரும் மறிக்காமல் நின்று எறியக் கிடைக்கும் வாய்ப்பு) தவறவிட்டது நம் பையன். ஜன்னல் பக்கம் திரும்பியவன் திரும்பியபடியே வந்தான்.

தோல்விக்கு அவன்தான் காரணமா என்று தெரிந்துகொள்ளத்தான் அன்று இரவே கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். ஸ்கோர் ஷீட்டில் தவறிய ஃப்ரீ த்ரோவை எழுத இடமே கிடையாது. உள்ளே விழுந்தால் ஓட்டக் கணக்கில் (புள்ளி ஏற ஏறக் குறிக்கும் பத்தி) ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். ஆனால் எதிரணியின் ஃபவுல் கட்டங்களில் 'பி' (பெர்சனல் ஃபவுல், ஆளை இடிப்பது, பிடிப்பது போன்றது) எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று போடுவோம் இல்லையா, அதுதான் எத்தனை எறிய வாய்ப்பு கிடைத்தது என்ற எண்ணிக்கை. அதையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். 11 ஆட்டத்தில் 130 கிடைத்திருக்கிறது, 65 விழுந்திருக்கிறது. சரிபாதி. ஒரு பையன் மட்டும் செய்த தவறு இல்லை இது.

எங்களுக்குக் கோர்ட் கிடைப்பது செவ்வாயும் வியாழனும், இரவு 7 முதல் 9 வரை. 9 மணிக்குப் பூப்பந்துக்காரர்கள் வலையோடு வாசலில் நிற்பார்கள். ஃப்ரீ த்ரோவைத் தனியாகப் போய்ப் போட்டுப் பழகலாம், கோர்ட் நேரத்தை அதற்குச் செலவழிக்க முடியாது என்கிறார் கோச். தனியாக எங்கே போவது? ஹாஸ்டல் பக்கத்துத் திறந்தவெளிக் கோர்ட்டில் வளையம் வளைந்து கிடக்கிறது, சாயங்காலம் மழை வேறு. கோச் நல்ல மனிதர். வேலை முடிந்து ஜூருவிலிருந்து பசியாறாமல்கூட வருகிறார். பந்தே தொடாத நான் அவரிடம் இதை எப்படிச் சொல்வது? குறைந்த நேரத்தில் என்ன பயிற்சி செய்யலாம்? அடுத்த சீசனுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

---

செந்தூல்காரன் (கோலாலம்பூர்):

தங்கச்சி, கோச்சிடம் மெம்ஃபிஸ் கதையைச் சொல்லுங்கள். 2008 அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டம், மெம்ஃபிஸும் கேன்சஸும். அந்த சீசனில் மெம்ஃபிஸ் அதுவரை ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருந்தது. பின்னால் என்.பி.ஏ.-வில் பெரிய நட்சத்திரமான டெரிக் ரோஸ் இருந்த அணி. ஆனால் சீசன் முழுக்க ஃப்ரீ த்ரோ மோசம். இறுதியாட்டத்தில் இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது 9 புள்ளி முன்னிலை. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் ஐந்து ஃப்ரீ த்ரோவில் நான்கைத் தவறவிட்டார்கள். 2.1 வினாடி இருக்கும்போது கேன்சஸின் மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கேன்சஸ் 75-68.

அவ்வளவு பெரிய அணிக்கே அப்படி என்றால், வாரத்துக்கு நான்கு மணி நேரம் கோர்ட் கிடைக்கும் அணி இதை வீட்டுப்பாடமாக விடக் கூடாது.

பயிற்சி பற்றி ஒன்று. வரிசையாகப் பத்து எறிய வைக்காதீர்கள். ஆட்டத்தில் ஒருவனுக்குப் பத்து கிடைக்காது, இரண்டுதான் கிடைக்கும், அதுவும் மூச்சு வாங்கும்போது. ஓட விடுங்கள், நிறுத்துங்கள், ஆளுக்கு இரண்டு, மறுபடி ஓட்டம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு வளையம் போதும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

---

பழைய நடுவர் (கெலுகோர்):

மகளே, உன் கணக்கு சரி, ஆனால் பாதியில் நிற்கிறது. அதைக் குவார்ட்டர் வாரியாக, அதாவது ஆட்டத்தின் நான்கு கால்பகுதி வாரியாகப் பிரி. முதல், மூன்றாவது சிவப்பு மை. இரண்டாவது, நான்காவது நீலமோ கறுப்போ. அரைநேரத்தில் ஃபவுல் கட்டங்களில் தடித்த கோடு போட்டிருப்பாய், அதற்குப் பின்னால் வரும் நீலமெல்லாம் நான்காவது. நகலில் நிறம் விழாது, அசல் தாளைப் படம் எடுத்து வைத்திருக்கிறாயா?

உங்கள் அணியின் ஃபவுலையும் பார். அணியின் மொத்த ஃபவுலுக்கு ஒரு குவார்ட்டருக்கு நான்கு கட்டம், எந்தெந்தக் குவார்ட்டரில் நான்கும் நிரம்புகிறது? அதற்குப் பிறகு பந்து உங்களிடம் இல்லாதபோது கையைத் தொட்டாலே எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நான் விசில் ஊதிய காலத்தில் இளம் அணிகள் தோற்றது பெரும்பாலும் இதனால்தான். கால் தளர்ந்துவிட்டால் நகர்ந்து மறிக்க மாட்டார்கள், கையை நீட்டுவார்கள்.

கோச்சிடம் பயிற்சி தொடங்கும் முன் போகாதே, முடிந்த பிறகு போ. "மாற்றுங்கள்" என்று சொல்லாதே. தாளைக் கொடுத்துவிட்டு நில்.

---

ஏழாம்_நம்பர் (கோலாலம்பூர்):

அக்கா, அந்தப் பையனிடம் யாராவது பேசினீர்களா? எனக்கும் ஒரு அரையிறுதியில் இப்படி நடந்தது. நடுவர் பந்தைத் தந்தபின் ஐந்து வினாடி நம்முடையது. நான் அதுவரை அவசரப்பட்டு எறிந்துகொண்டிருந்தேன். இப்போது பந்தைத் தரையில் மூன்று தட்டு, ஒரு மூச்சு, அப்புறம்தான் எறிவேன். எப்போதும் அதேதான்.

---

சிவப்புப்பேனா (பினாங்கு):

அங்கிள், படம் எல்லாம் போனில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். முதல் மூன்று குவார்ட்டர்களில் 82-க்கு 46. நான்காவதில் 48-க்கு 19. கை நடுங்கிவிட்டது. ஒருவேளை தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், அதேதான். எங்கள் ஃபவுல் கட்டங்களும் நீங்கள் சொன்ன மாதிரியே, தோற்ற ஏழில் ஆறு ஆட்டத்தில் நான்காவது குவார்ட்டரில் நிரம்பிவிட்டன.

செவ்வாய் இரவு பயிற்சி முடிந்து கோச் ஷூ கழற்றும்போது தாளைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "48-க்கு 19-ஆ?" என்று மட்டும் கேட்டார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பி, அவனிடம் பேசினேன். மூன்று தட்டு விஷயத்தையும் சொன்னேன். 65 தவறியதில் அவனுடையது 9 என்று காட்டினேன். அந்த எண்ணை அவன் எதிர்பார்க்கவில்லை.

நேற்று வியாழன். 8.40-க்குக் கோச் விசில் ஊதி எல்லோரையும் கோட்டுக்குக் கோடு ஓடவிட்டார். பிறகு ஆளுக்கு இரண்டு. நம் பையன்தான் முதலில் போய் நின்றான். மூன்று தட்டு. ஒன்று விழுந்தது, ஒன்று வளையத்தில் பட்டு வெளியே போனது. புது நோட்டு வாங்கியிருக்கிறேன், அதில் தவறியதற்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறேன். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.