புதுப்பிப்பு: கிளிப் ஆர்ட் அச்சு இப்போது தெளிவாக வருகிறது

கிளிப் ஆர்ட் படங்கள் (ஆவணங்களில் சேர்க்கும் ஆயத்தச் சித்திரங்கள்) பல ஃபோல்டர்களில் சிதறிக் கிடக்கின்றன, அச்சிட்டால் ஓரங்கள் படிக்கட்டு போல வருகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன.

இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளின் தம்ப்நெயில் பகுதியில் படங்களைத் தேர்ந்தெடுத்து 'கான்டாக்ட் ஷீட்' போட்டேன். ஒரே ஏ4 தாளில் 20 படம், ஒவ்வொன்றின் கீழும் கோப்பின் பெயர். தாளைப் பார்த்தே தேடி எடுத்துவிடலாம். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

ஓரம் பிசிறடித்ததற்குக் காரணம் அளவு. 300 பிக்சல் அகலப் படத்தை 4 அங்குலத்துக்கு இழுத்திருந்தேன். அங்குலத்துக்கு வெறும் 75 பிக்சல்தான் கிடைத்தது. அதையே 1 அங்குலத்தில் அச்சிட்டால் இலைக் காம்புகூடத் தெளிவாகத் தெரிகிறது. பெரிதாக வேண்டுமென்றால் எஸ்விஜி கோப்பாகத் தேடுங்கள்; அது படத்தைப் பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாக, வடிவங்களாகச் சேமிக்கும் வகை, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. அப்புறம், அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் படம் தாள் அளவுக்கு இழுபட்டுவிடும்.